வந்த சனமும் இருந்த வளவும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அதன் பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை நமது நகர சபைகளும் பிரதேச சபைகளும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லாமலே ஓடின. இப்போது சபை இருக்கிறது. வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியெல்லாம் எல்லாரும் கேட்கிறோம், நல்லது. ஆனால் ஒரு விசயத்தை மட்டும் யாரும் சபைக்குள் கொண்டுபோவதில்லை. வெளியிலிருந்து வந்து நம் ஒழுங்கைகளில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்களுக்கும், மூன்று பேர்ச் துண்டில் வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு அனுமதியும் இல்லாமல் இருக்கிற குடும்பங்களுக்கும் சபை என்ன செய்யும் என்பதுதான் அது. முதலாவது ஆட்களைப் பற்றிக் கேட்டால் உடனே வருகிற பதில், "அவங்க நம்மட ஊராக்கள் இல்லையே" என்பது.

அந்த ஒற்றை வசனத்துக்கு இந்த வாவிக்கரையில் 400 வருட வரலாறு இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அந்த வசனம் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வியாபாரப் போட்டியும் மதப் பகையும் சேர்ந்த முடிவு அது. விரட்டப்பட்டவர்கள் கண்டிக்குப் போனார்கள். மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மன்னன் இரக்கத்தில் மட்டும் செய்தான் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கிழக்குக் கரையில் போர்த்துக்கேயர் காலூன்றப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு வருடம் கழித்து, 1628இல், புளியந்தீவில் கோட்டையைக் கட்டியே விட்டார்கள். அப்படியான கரையில் போர்த்துக்கேயரோடு கோபமுள்ள, உழவும் வியாபாரமும் தெரிந்த ஒரு சனம் இருப்பது அரசனுக்கும் லாபம்தான். அடைக்கலமும் அரசியலும் எப்போதும் ஒரே வண்டியில்தான் வரும். ஆனாலும் கவனியுங்கள்: அந்தச் சனத்துக்குக் கிடைத்தது வெறும் "இருந்துகொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல் அல்ல. இருக்க நிலம் கிடைத்தது.

அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இங்கே இருந்தார்கள். 1626இல்தான் நாம் வந்தோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1962இல் எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற நூலும், ஊர்களில் வாய்வழி வருகிற கதைகளும் இன்னொரு வருகையைப் பேசுகின்றன. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை நடந்தபோது, கடல்வழி வந்த பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள். திமிலரைத் துரத்திய பிறகு, அவர்கள் திரும்பி வராதபடி வடக்குப் பக்கக் காவலாக ஏறாவூரில் குடியிருத்தப்பட்டார்கள், முக்குவப் பெண்களை மணந்தார்கள் என்பது கதை. சத்துருக்கொண்டான், சந்திவெளி, வந்தாறுமூலை என்ற ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் அந்தச் சண்டையிலிருந்தே விளக்கம் சொல்வார்கள். கதை முழுக்க நடந்ததா என்று பாடம் எடுக்க வரவில்லை. இரண்டு சமூகமும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதையை ஏன் சொல்லிக்கொண்டு வந்தன என்பதுதான் முக்கியம். வந்தவனுக்கு வளவு கொடுத்தோம் என்று ஒரு பக்கம் சொன்னது. பெண் எடுத்து இந்த மண்ணின் ஆள் ஆனோம் என்று மறுபக்கம் சொன்னது. இரண்டு பேருக்கும் குடி வழி தாய் வழிதான். பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர், கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர். வந்தவர் ஒரு குடிக்குள் பெண் எடுத்தால் பிள்ளை அந்தக் குடியின் பிள்ளை. அதற்குமேல் ஒரு வதிவிடச் சான்றிதழும் அக்காலத்தில் தேவைப்படவில்லை.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் எழுதி வைக்கிற ஆட்கள். எழுதி வைக்கிறவன் முதலில் செய்கிற வேலை, இவன் உள்ளூர், அவன் அந்நியன் என்று பிரிப்பது. தங்கள் ஆட்சிப் பகுதியில் முஸ்லிம்களை அந்நியர் பட்டியலில் போட்டு 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடோ காணியோ சொந்தமாக வைத்திருக்கத் தடை போட்டார்கள். பிரித்தானியர் வந்த பிறகும் அந்தத் தடை உடனே போகவில்லை. 1832இல்தான் நீக்கினார்கள். பிறந்து, வளர்ந்து, வியாபாரம் செய்து, மையித்தும் அந்த மண்ணில் அடக்கிய ஒருவன், அதே நகரத்தில் ஒரு வீட்டை விலைக்கு வாங்க முடியாது. ஒருவரை அந்நியன் ஆக்க வேண்டுமானால் நாடு கடத்தத் தேவையில்லை, வீடு வாங்க விடாமல் செய்தால் போதும். 1832 என்ற வருடம் நமது சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கோல்புறூக் காலம் என்று மட்டும் தெரியும். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, இனி வீட்டுக்கு வருவோம். நம் பக்கத்து வீட்டுப் பிரச்சினையை மற்ற ஊர்க் கணக்கில் விளங்கிக்கொள்ள முடியாது. இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து மகளின் வீட்டில் இருப்பார். மூத்த மகளுக்குத் தாய் இருந்த வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் புதுவீடு, தாய் தகப்பன் பின்னால் குசினிப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த முறையைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றாகக் கண்டு 2008இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பெண்ணுக்குத் தன் பெயரில் கூரை இருப்பது சின்ன விசயம் அல்ல. கணவன் விட்டுப் போனாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள்.

ஆனால் இதன் மறுபக்கத்தைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மூத்தம்மாவின் வளவு 20 பேர்ச் என்று வையுங்கள். இரண்டு மகள், ஆளுக்கு 10. அந்த இரண்டு பேருக்கும் மும்மூன்று மகள்கள் என்றால் ஆளுக்கு மூன்று பேர்ச் சொச்சம். அதிலும் பின்வீட்டுக்குப் போக ஒரு வழி விட வேண்டும். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் அகலமான மணல். காத்தான்குடி எந்தப் பக்கம் நீளும்? வடக்கே மட்டக்களப்பு மாநகர சபை எல்லை, தெற்கே ஆரையம்பதி. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் காத்தான்குடிப் பிரதேச செயலகப் பிரிவில் 40,000க்கு மேல் சனம். மாவட்டத்திலேயே மிக நெருக்கமான பிரிவு. நமது வகுப்புப் பிள்ளைகளின் கொப்பியில் விலாசத்தைப் பாருங்கள். வீட்டு இலக்கத்துக்குப் பின்னால் எத்தனை சாய்வுக்கோடு இருக்கிறதோ அத்தனை தடவை அந்த வளவு வெட்டப்பட்டிருக்கிறது.

இங்கேதான் சட்டம் வந்து முட்டுகிறது. 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் 1986இல் வந்த திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள், வீடு கட்டும் துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்று வைத்தன. அதாவது 6 பேர்ச். மேலே போட்ட கணக்கில் மூன்றாம் தலைமுறைப் பெண்ணின் வீடு கல் வைக்கும் முன்பே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அனுமதிக்கப்பட்ட வரைபடம் இல்லை என்றால் வங்கி வீட்டுக்கடன் கொடுக்காது. வங்கி கொடுக்காவிட்டால் நகையை அடகு வைப்பது, சீட்டுப் பிடிப்பது, வாப்பா மத்திய கிழக்குக்குப் போவது. நம் ஊர்களில் எத்தனை வாப்பாமார் வெளிநாட்டில் நரைத்துப் போனது அந்த மூன்று பேர்ச்சுக்காக!

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1972இல் வாடகைச் சட்டம் வந்தது. 1973இல் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடும், தங்கி வாழும் பிள்ளைக்கு ஒன்று வீதமும்தான் வைத்திருக்கலாம், மிச்சத்தை அரசு எடுத்து வாடகைக்கு இருப்பவருக்கு விற்கும். கொழும்பில் அதனால் வீட்டுக்காரர் ஆனவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அது பெரிதாக ஒன்றையும் அசைக்கவில்லை என்பது எங்கள் கணிப்பு. இங்கே வீடுகள் ஏற்கெனவே மகள்மாரின் பெயரில் பிரிந்து கிடந்தன. 1980இல் வாடகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்காரர் தான் இருந்த வீட்டை அந்த வருடத்துக்குப் பிறகு வாடகைக்குக் கொடுத்தால் வாடகைக் கட்டுப்பாடு அதற்கு இல்லை என்றாக்கினார்கள். ஆகவே இன்று நம் ஒழுங்கைகளில் இருக்கிற வாடகைக் குடும்பங்களில் பெரும்பாலானவருக்கு அந்தச் சட்டம் பெயருக்குத்தான்.

1978 நவம்பர் 23 சூறாவளியைப் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள். மட்டக்களப்பில் ஓலைக்கூரை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. கல்வீட்டுக்கு ஆசைப்படாத குடும்பமும் அதன் பிறகு ஆசைப்பட்டது. அதே வருடம்தான் பிரேமதாசவின் இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது, 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை அமைந்தது, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தது.

இந்தக் கடைசித் திட்டத்தில் ஒரு விசயம் இருக்கிறது. நம் சபை உறுப்பினர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பின் தோட்டங்களிலும் சேரிகளிலும் 6 பேர்ச் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒருவருக்கும் வீடு கிடைக்காது என்று அதிகாரிகளுக்கு விளங்கியது. ஆகவே அந்த இடங்களை நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் விசேட திட்டப் பகுதிகளாக அறிவித்தார்கள். குறைந்த அளவை 2 பேர்ச்சாக, அதாவது 50 சதுர மீற்றராக இறக்கினார்கள். ஒழுங்கை எத்தனை அடி, யன்னல் எந்தப் பக்கம், பொதுக் கிணறு எங்கே என்பதை அந்தத் தோட்டத்துச் சனத்தோடு உட்கார்ந்து பேசித் தீர்மானித்து, அவர்களுக்கென்றே ஒரு கட்டிட விதி எழுதினார்கள். இது கதை அல்ல, 1980களின் நடுவில் இந்த நாட்டின் தலைநகரில் நடந்தது. அந்த நேரம் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கிறீர்களா? 1985 ஏப்ரலில் தமிழ் - முஸ்லிம் கலவரம். அதன் பிறகு ஊரடங்கு, சுற்றிவளைப்பு, கடத்தல். வீட்டு விதியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் இருந்தது?

அடுத்து 1990.

ஜூலையில் குருக்கள்மடம். ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியும் ஹுஸைனிய்யாப் பள்ளியும். அதற்கு அடுத்த கிழமை ஏறாவூர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். இதை நாம் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். அதே வருடம் செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத தமிழர்களையும், சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழ்க் குடும்பங்களையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். ஏறாவூரின் எல்லையில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் வீட்டை விட்டுத்தான் ஓடினார்கள்.

அந்த மாதங்களில் உறுகாமம், ஒல்லிக்குளம், கீச்சான்பள்ளம் போன்ற இடங்களிலிருந்தும் படுவான்கரை வயல்களிலிருந்தும் நம் சனம் ஏறாவூருக்கும் காத்தான்குடிக்கும் ஓட்டமாவடிக்கும் வந்து சேர்ந்தது. ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டுப் பெரும்பாலானோர் புத்தளம் போனார்கள். அந்தக் கதை நாடறியும். வாவிக்குள்ளேயே பத்துக் கிலோமீற்றர் தள்ளி இடம்பெயர்ந்தவனின் கதை அவ்வளவு தெரியாது. தூரம் குறைவு என்பதால் அகதி என்று கணக்கிலும் ஒழுங்காக வரவில்லை.

முதல் மாதங்களில் ஊர் நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டது. விறாந்தையில் ஒரு குடும்பம், பாடசாலை மண்டபத்தில் நாற்பது குடும்பம், பள்ளிவாசலில் கஞ்சி. ஒரு வருடம், இரண்டு வருடம் போனதும் கதை மாறியது. விறாந்தை அறையானது, அறைக்கு வாடகை வந்தது. நிலம் இல்லாத ஊரில் கேட்கிற சனம் கூடினால் வாடகை ஏறும். அந்த ஏற்றத்தில் சம்பாதித்தது யார்? நாம்தான். புலிகளும் இராணுவமும் செய்ததை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நமது வாடகைக் கொப்பியை எழுத நம்மைத் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள்.

இடம்பெயர்ந்தவன் இழந்தது வீட்டை மட்டும் அல்ல. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் அது அவருக்கு உரித்தாகலாம். 1990இல் விட்டுவந்த வயலுக்கு 2000இலேயே அந்தப் பத்து வருடம் முடிந்துவிட்டது. யுத்தத்தால் போக முடியாமல் போன காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு விலக்கு. ஆனால் அந்த நிவாரணத்துக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். நல்ல சட்டம். நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்து வழக்குப் போட்டார்கள்? ஜும்ஆவில் அறிவித்தார்களா? வாக்குரிமைக்கும் அப்படித்தான். இடம்பெயர்ந்தவர் தம் பழைய இடத்தின் வாக்காளர் இடாப்பில் பதிய 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அங்கே பதிந்தால் இங்கே இல்லை, இங்கே பதிந்தால் அங்கே உரிமை போய்விடுமோ என்ற பயம்.

இதன் பலனை நாங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொரு வருடமும் முதலாம் தர அனுமதியின்போது பார்க்கிறோம். பிள்ளைகள் முட்டிமோதுகிற பாடசாலை என்றால் புள்ளி போட வேண்டும். தாய் தகப்பன் எத்தனை வருடமாக அந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் இருக்கிறார்கள், வீட்டு உறுதி யார் பெயரில் என்று பார்த்துப் புள்ளி. சொந்த உறுதி வைத்திருப்பவருக்கு நிறைய, வாடகைப் பத்திரம் வைத்திருப்பவருக்குக் குறைவு, ஒரு பத்திரமும் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லை. 1990இல் தாயின் இடுப்பில் வந்த பிள்ளை இன்று தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறது. பாடசாலை மதிலிலிருந்து பார்த்தால் வீடு தெரியும். ஆனால் புள்ளி வராது.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். வீட்டு விசயத்தில் அதற்குப் பிறகு வந்த முடிவை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றது அரசாங்கம். அகலமே இவ்வளவுதான் உள்ள மணல் திடலில் 200 மீற்றர் போனால் மிச்சம் என்ன? அந்த முடிவைக் கொழும்பில் எடுத்தார்கள். இந்தக் கரையின் ஒரு சபையையும் கேட்கவில்லை. அடுத்த வருடமே தளர்த்தினார்கள் என்றாலும் அந்த இடைவெளியில் சனம் கூடாரத்தில் வெந்தது. தெற்கே அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகளைக் கட்டியும் முடித்தார்கள். எந்த இனத்துக்கு எத்தனை என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் காடு பற்றின. உரியவன் தகரக் கொட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி நமக்குக் கசப்பான ஒன்று. 2019 ஏப்ரல் 21 தாக்குதலின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நம் அயலவரின் பிள்ளைகள் செத்தார்கள். அதன் பிறகு வெளியூர்களில் வியாபாரம் செய்த நம்மவருக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கடையைத் திருப்பிக் கேட்டார்கள், அறை தர மறுத்தார்கள். அதே கிழமைகளில் நீர்கொழும்பில் நடந்ததை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து தஞ்சம் கேட்டு வந்து ஐ.நா. அகதிகள் நிறுவனத்தில் பதிந்து, அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே இரவில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களே தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்திலும் பஸ்யாலைப் பள்ளிவாசலிலும் மாதக்கணக்காகப் படுத்தார்கள். வேறு மாவட்டங்களுக்குக் கொண்டுபோகப் பார்த்தால் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று உள்ளூர் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டம் ஏற்றது. யுத்தத்தில் அகதியாக இருந்து பழகிய மண் என்பதாலோ என்னவோ.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் றோஹிங்யாப் படகு ஒன்று வந்து சேர்ந்தது. நூறு பேருக்கு மேல், நிறையப் பிள்ளைகள். திருகோணமலைக்குக் கொண்டுவந்து ஒரு பாடசாலையில் தங்க வைத்தபோது ஊர்ச் சனம் சோறும் உடுப்பும் கொண்டு ஓடியது. பிறகு விமானப்படை முகாமுக்கு மாற்றினார்கள். 1951 அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. அதனால் இங்கே ஒருவர் அகதி என்று ஏற்கப்பட்டாலும் வேறு நாடு கிடைக்கும் வரைதான். சோறு கொடுக்க நம்மை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிழமை சோறு வேறு, ஒரு வருட வாடகை வேறு.

"நகர சபைக்கு இதில் என்ன அதிகாரம்? காணி பிரதேச செயலகத்திடம், சட்டம் கொழும்பில்" என்று ஒரு உறுப்பினர் சொல்லலாம். பாதி சரி. அரச காணியைப் பகிர்வது சபையின் வேலை அல்ல. ஆனால் கனடாவின் ரொறன்ரோவைப் பாருங்கள். மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் ஆயிரக்கணக்கில் இருக்கிற நகரம். அந்த மாநகர சபைக்கும் விசா கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. ஆனால் 2013 பெப்ரவரியில் ஒரு தீர்மானம் எடுத்தது: குடிவரவுப் பத்திரம் இல்லாதவரும் நகரத்தின் சேவைகளைப் பயத்தோடு அல்லாமல் பெறலாம். தன் கையில் இருக்கிற சேவையைக் கொடுக்கும்போது நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை என்பதுதான் அந்த முடிவின் சாரம்.

நம் சபையின் கையில் இருப்பதும் குறைவல்ல. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டிட அனுமதி கொடுப்பது சபைதான். நகர அபிவிருத்தி அதிகார சபையிடம், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இன்ன இன்ன வட்டாரங்களை விசேட பகுதியாக அறிவித்து, 6 பேர்ச்சைக் கொழும்புத் தோட்டங்களுக்கு இறக்கியது போல எங்களுக்கும் இறக்குங்கள் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பக் கூடியதும் சபைதான். சோலைவரி இடாப்பு சபையின் கையில். வீட்டுக்காரர் பெயரோடு நிற்காமல் குடியிருப்பவர் பெயரையும் அதில் ஒழுங்காகப் பதிந்தால், பிற்காலத்தில் ஒரு வாடகைக் குடும்பம் இந்த விலாசத்தில் இத்தனை வருடம் இருந்தோம் என்று காட்ட ஒரு எழுத்து இருக்கும். வாசிகசாலை அங்கத்துவத்துக்கும் குடிநீர் வண்டிக்கும் உறுதிப் பத்திரம் கேட்கத் தேவையில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. காணி தேடி நம்மவர் தெற்கே போகும்போது ஆரையம்பதிப் பக்கத் தமிழ் உறவுகள் பயப்படுகிறார்கள். காசுள்ளவன் வந்து வாங்கினால் நாளைக்கு எங்கள் ஊர் எங்களிடம் இருக்குமா என்று. அந்தப் பயத்தை இனவாதம் என்று தட்டிவிடுவது இலேசு. நாம் 1832 வரை பட்டதை நினைத்தால் அவர்கள் சொல்வதையும் உட்கார்ந்து கேட்கலாம். நம் எல்லைக்குள் இரண்டு மாடி, மூன்று மாடியாக உயர்ந்து, சின்னத் துண்டுக்கும் அனுமதி கொடுத்து இருக்கப் பழகினால் தெற்கே போகும் நெருக்கடியும் கொஞ்சம் குறையும். மாடி வீடு என்றால் மேல்மாடி எந்த மகளுக்கு என்ற சண்டை வரும் என்கிறீர்கள். வரும்தான். மாடி மாடியாகத் தனி உறுதி எழுத இந்த நாட்டில் ஆதனச் சட்டம் இருக்கிறது. நொத்தாரிசிடம் கேட்டால் சொல்வார்.

1990இல் வந்து இன்னும் ஊர் திரும்பாத, இங்கேயும் சொந்தக் கூரை இல்லாத குடும்பங்கள் எந்த வட்டாரத்தில் எத்தனை என்று ஒரு முழுமையான கணக்கு நம் கையில் இல்லை. வட்டார உறுப்பினரும் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம சேவகரும் ஒரு சனிக்கிழமை ஒன்றாக இருந்தால் ஒரு வட்டாரத்தை எழுதி முடிக்கலாம். எழுதும்போது மூன்று விசயம் கேளுங்கள்: எங்கிருந்து வந்தீர்கள், அங்கே காணிக்கு என்ன பத்திரம் இருக்கிறது, இங்கே மாதம் எவ்வளவு வாடகை. பத்திரம் எரிந்திருந்தால் பழைய விதை நெல் கடன் துண்டு, கூட்டுறவுக் கடைப் புத்தகம், அந்த ஊர்ப் பாடசாலை விடுகைப் பத்திரம் என்று எதுவானாலும் பிரதி எடுத்து வையுங்கள். விடுகைப் பத்திரம் தேட வேண்டியவர்கள் எங்கள் ஆசிரியர்களில் யாரிடமாவது வாருங்கள். பழைய இடாப்புகளைப் புரட்டித் தருகிறோம்.